மலையில் மேய்ச்சலுக்கு யாரிடம் கேட்பது?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் மலையடிவார ஊர் எங்களுடையது. 22 மலைமாடு, 60 செம்மறி, கொஞ்சம் வெள்ளாடு வைத்திருக்கிறோம். வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் மாட்டை மலைக்கு ஏற்றிவிட்டு, அறுப்பு முடிந்ததும் கீழே கொண்டுவந்து, இரவில் வயலில் அடைத்துக் கிடை போடுவது தாத்தா காலத்து வழக்கம். 1979இல் வனத்துறை அப்பா பெயரில் கொடுத்த மேய்ச்சல் சீட்டுகூட வீட்டில் இருக்கிறது. இப்போது அடிவாரத்திலேயே மறிக்கிறார்கள். போன மாதம் மாடுகளைத் திருப்பி விடப் பணம் வாங்கினார்கள், ரசீது தரவில்லை. ஊரில் மேய்க்கால் புறம்போக்கு உண்டு என்கிறார்கள், ஆனால் அதில் பாதியில் தென்னை நிற்கிறது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். வனத்துறைக்கு அனுப்பியிருப்பதாக ஒரு தாள் வந்தது, அதோடு சரி. முறையாக அனுமதி வாங்க நான் என்ன செய்ய வேண்டும்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, அந்த 1979ஆம் வருஷத்துச் சீட்டை முதலில் பத்திரப்படுத்துங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம், பழைய தாளின் மை அந்தச் சூட்டில் மங்கிப்போகலாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்து, இருபுறமும் கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வனச் சரகத்தின் பெயர், மாட்டின் எண்ணிக்கை, கட்டிய கட்டணம், முத்திரை எல்லாம் தெளிவாகத் தெரிகிறதா பாருங்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான காகிதம் அதுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் மனு ஏன் நகரவில்லை என்பதை முதலில் பார்ப்போம். ‘எங்களுக்கு மேய்ச்சல் அனுமதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எந்த நிலத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் என்று இல்லாத மனு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பப்படும். பொது நிலம் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், அதற்கு அதிகாரி ஒருவர் இல்லை. காப்புக்காடு வனத்துறையுடையது. மேய்க்கால் புறம்போக்கு ஊராட்சியின் பொறுப்பில் இருக்கிறது. கண்மாய் பெரிதாக இருந்தால் நீர்வளத் துறை, ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். தரிசு என்றால் வருவாய்த் துறை. கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையிடம் குத்தகை பேச வேண்டும். உங்களுக்கு இதில் இரண்டுதான் முக்கியம்: மலையும் மேய்க்காலும். இரண்டுக்கும் வழி வேறு வேறு, ஒரே மனுவில் இரண்டையும் கலக்காதீர்கள்.

மலையிலிருந்து தொடங்குகிறேன், கஷ்டமானது அதுதான்.

தமிழ்நாடு வனச் சட்டம் 1882ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மாடு மேய்ப்பதும், மாட்டை உள்ளே விடுவதும் குற்றம். அனுமதி கொடுக்கும் அதிகாரம் வனத்துறைக்கு இருந்தது, அப்படித்தான் உங்கள் அப்பாவுக்குச் சீட்டு வந்தது. அதன் பிறகு உங்கள் மலையின் நிலைமை மாறிவிட்டது. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021இல் அது மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமானது. சரணாலயம் என்றானதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து சேர்கிறது. தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சலை அந்தச் சட்டம் அறவே தடுக்கிறது. சரணாலயத்தில் அப்படி அறவே தடுக்கவில்லை. மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் கொடுக்கிறது.

இதற்கு மேல் 2022 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. முதலில் மாநிலத்தின் எல்லா வனப்பகுதிகளிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை என்றார்கள். அதே மாதத்தில் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். திருத்தம் வந்த செய்தி பல ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாதாரணக் காப்புக்காட்டில் மேய்ப்பவரிடம்கூட ‘கோர்ட் தடை’ என்று சொல்லி மறிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் கேள்வி: உங்கள் மாடு வழக்கமாகப் போகும் இடம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறதா, அதற்கு வெளியே உள்ள காப்புக்காடா? அடிவாரத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வாய்மொழியாகக் கேட்டால் ‘எல்லாம் காப்பகம்தான்’ என்றுதான் பதில் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வனக்கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காப்பகத்தின் எல்லை அறிவிக்கையும் வரைபடமும் கேளுங்கள். கூடவே, உங்கள் சரகத்தில் முன்பு மேய்ச்சல் சீட்டு கொடுத்த பதிவேட்டின் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பழைய பதிவேடு கிடைத்தால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் ஊர்க் கிடைக்காரர்கள் எல்லோருக்கும் சாட்சி அது.

காப்பகத்துக்கு வெளியே என்று தெரிந்தால், மாவட்ட வன அலுவலருக்கு அனுமதி கேட்டு நேரடியாக மனு போடலாம். மாட்டுக்கு மட்டும் கேளுங்கள். வெள்ளாடு குருத்தைக் கடித்து இளங்கன்றை எழவிடாது என்பதால் வனத்துறை அதை ஒத்துக்கொள்ளாது. வெள்ளாட்டையும் அந்த மனுவில் சேர்த்தால் மாட்டுக்குக் கிடைக்க வேண்டியதும் போய்விடும். எத்தனை மாடு, எந்தப் பாதை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, இரவில் மாடு எங்கே அடையும் என்றெல்லாம் எழுதுங்கள். ‘புதிதாக நட்ட இடங்களில் மேய விடமாட்டோம், தீ மூட்டமாட்டோம்’ என்று நீங்களே முன்வந்து எழுதிக்கொடுங்கள். 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, மக்களின் பங்கேற்போடு மேய்ச்சலை ஒழுங்குபடுத்த வேண்டும் என்கிறது. இளம் தோட்டங்களையும் மறுவளர்ச்சிப் பகுதிகளையும் முழுதாகக் காக்கச் சொல்கிறது. அந்த மொழியிலேயே உங்கள் மனு பேசினால் அதிகாரிக்கும் கையெழுத்துப் போட ஒரு பிடி கிடைக்கும்.

காப்பகத்துக்குள் என்று தெரிந்தால் இந்த மனுவால் பயன் இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவு இருக்கும்போது ரேஞ்சரோ மாவட்ட வன அலுவலரோ மனது வைத்தாலும் அவர்களால் சீட்டு தர முடியாது. அவர்களிடம் கெஞ்சிக்கொண்டு காலம் கடத்த வேண்டாம். அங்கே போக வேண்டிய பாதை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்.

பலர் இது பழங்குடிகளுக்கு மட்டுமான சட்டம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ‘பாரம்பரியமாக வனத்தைச் சார்ந்து வாழும் பிறர்’ என்று இன்னொரு பிரிவினரையும் சட்டம் ஏற்கிறது. அதன் 3(1)(டி) பிரிவு மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே பட்டியலிடுகிறது. ஒரே இடத்தில் இருந்து மேய்ப்பது, இடம் மாறி மாறி மேய்ப்பது இரண்டையும் அது சேர்த்தே சொல்கிறது. சட்டத்தில் வனநிலம் என்பதற்கான விளக்கத்துக்குள் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும். அனுமதிச் சீட்டை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அதிகாரி மாறினால் நின்றும் போகலாம். இந்தச் சட்டத்தில் அங்கீகாரம் கிடைத்தால் அது உரிமை, உங்கள் பிள்ளைகளுக்கும் தொடரும். அதை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

நிபந்தனை கடுமையானது, மறைக்க மாட்டேன். பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறையாக வனத்தை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு, ஆக 75 ஆண்டு. உங்கள் வீடு அடிவாரத்துப் பட்டா நிலத்தில்தானே இருக்கிறது, காட்டுக்குள் இல்லையே என்று மறுப்பார்கள். அதற்கு 2008 ஜூனில் மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் கொடுத்த விளக்கம் உண்டு. வனத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டியதில்லை, உண்மையான வாழ்வாதாரத் தேவைக்கு வனத்தை நம்பியிருந்தாலும் போதும் என்கிறது அது. அந்த விளக்கத்தின் நகலை மனுவோடு இணைத்துவிடுங்கள்.

சாட்சியத்துக்கு வருவோம். உங்கள் அப்பாவின் சீட்டு இங்கேதான் வேலை செய்கிறது. வனத்துறையே கொடுத்த அரசு ஆவணம் அது. 1979க்கு முந்திய காலத்துக்கு மற்ற சான்றுகளைச் சேர்க்க வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் விதி 13 எதையெல்லாம் ஏற்கச் சொல்கிறது என்று பாருங்கள்: அரசுப் பதிவுகள், மாவட்ட விவரச்சுவடி, சர்வே மற்றும் நிலவரித் திட்ட அறிக்கை, வரைபடம், வனத்துறையின் செயல்திட்டம், மனுதாரர் அல்லாத பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம். பாரம்பரிய மேய்ச்சல் நிலம் என்பதையே சமூக உரிமைக்கான சான்றாக அந்த விதி தனியாகக் குறிப்பிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். ஊரில் எண்பதைத் தாண்டிய பெரியவர்களிடம் இப்போதே வாக்குமூலம் எழுதி வாங்குங்கள், தள்ளிப்போட வேண்டாம். ‘எங்கள் காலத்தில் மலைக்குப் போவோம்’ என்று பொதுவாக எழுதினால் வலு இல்லை. எந்தப் பாறை, எந்த ஓடை, எந்த இடத்தில் பட்டி அடைத்தார்கள், யார் யார் கிடை ஒன்றாகப் போனது என்று இடப் பெயரோடு எழுதுங்கள். பட்டி போட்ட இடத்தில் கல்வட்டமோ தண்ணீர்த் தொட்டியோ மாட்டுச்சாமி கோயிலோ இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். சர்வே எண் தெரியாத இடத்தைப் பெரியவர்கள் அந்தப் பெயர்களில்தான் சொல்வார்கள், அதுவே அவர்கள் அங்கே புழங்கியதற்குச் சாட்சி.

இந்த மனுவைக் கொடுக்க வேண்டிய இடம் கலெக்டர் ஆபீஸ் அல்ல, உங்கள் கிராம சபை. கிராம சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சமூக உரிமைக்கு உரியது ‘பி’ படிவம், கட்டணம் எதுவும் இல்லை. ‘ஏ’ படிவம் தனிநபர் நில உரிமைக்கானது, அதில் மேய்ச்சலைக் கேட்டால் நிராகரிப்பு உறுதி. குழு நேரில் வந்து பார்த்து, கிராம சபை தீர்மானம் போட்டு, வருவாய்க் கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பும். அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும், முடிவு எடுப்பது அவர்கள். வனத்துறை அதிகாரி அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். கிராம சபையின் முடிவில் குறை இருந்தால் கோட்டக் குழுவுக்கும், அங்கே குறை இருந்தால் மாவட்டக் குழுவுக்கும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இன்னொரு விஷயம்: இடம் மாறி மேய்ப்பவர்களின் கோரிக்கையை அவர்கள் நேரில் இருக்கும் நேரத்தில்தான் சரிபார்க்க வேண்டும் என்று விதி 12 சொல்கிறது. நீங்கள் கிடையோடு வெளியூரில் இருக்கும் மாதத்தில் ஆய்வு வைத்தால், தேதியை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

இதைத் தனியாளாகச் செய்யாதீர்கள். சமூக உரிமை என்பது ஊர்க் கிடைக்காரர்கள் எல்லோருக்கும் சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு இல்லை என்றாலும் இந்தத் தாளில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

அந்தக் குழுவின் முடிவு வரும்வரை காப்பகத்துக்குள் மாட்டை ஏற்ற வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. உரிமை சரிபார்த்து முடியும்வரை யாரையும் வனத்திலிருந்து அப்புறப்படுத்தக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது, அதை மேய்ச்சலுக்கும் நீட்டி வாதாடலாம். ஆனால் அந்த வாதம் நீதிமன்றத்தில் வைக்க வேண்டியது, செக்போஸ்ட்டில் அல்ல. நடுவில் ஒரு வழக்கு விழுந்தால் ‘சட்டத்தை மீறியவர்’ என்ற ஒரே காரணத்தைக் காட்டி மொத்தக் கோரிக்கையையும் பலவீனமாக்குவார்கள்.

பணம் வாங்கியதைப் பற்றி. அபராதமோ, வழக்குப் போடாமல் முடிக்க வாங்கும் இணக்கக் கட்டணமோ எதுவாக இருந்தாலும் ரசீது இல்லாமல் கொடுக்கக் கூடாது. மாட்டைப் பிடித்தால் பிடித்ததற்குத் தாள் கேளுங்கள். எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை உருப்படி என்று அதில் இருக்க வேண்டும். நடந்து முடிந்ததைப் பற்றிய விவரம் நினைவில் இருக்கும்போதே தேதி போட்டு எழுதி வையுங்கள். மாவட்ட வன அலுவலருக்குப் பதிவுத் தபாலில் ஒரு புகார் அனுப்பலாம். லஞ்சம் என்று உறுதியாகத் தெரிந்தால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம். அடுத்த தடவை கேட்டால், கொடுத்துவிட்டுப் போவதைவிடக் கொடுக்கும் முன் போவதே நல்லது.

வனத்துறையின் கவலையும் பொய்யல்ல, அதையும் சொல்ல வேண்டும். 1968இல் முதுமலைப் பக்கம் வெக்கை நோய் பரவி காட்டெருமைகள் கூட்டமாகச் செத்தன. வீட்டு மாட்டின் நோய் காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று சட்டம் சொல்வதும் அதனால்தான். கோமாரி ஊசியை விடாமல் போடுங்கள். கால்நடை மருந்தகத்தில் மாட்டின் காதில் மஞ்சள் வில்லை அடிக்கிறார்கள் அல்லவா, அதில் இருக்கும் 12 இலக்க எண்ணையும் ஊசி போட்ட தேதியையும் ஒரு நோட்டில் மாட்டுக்கு ஒரு வரியாக எழுதி, மருத்துவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எந்த மனுவோடும் அந்தப் பக்கத்தின் நகல் போகட்டும். நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, எண்ணிக்கை பற்றிய சண்டையும் வராது.

இனி மேய்க்கால். மலைக்கு எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது, ஆட்டுக்குப் புல் இன்றைக்கு வேண்டும். அதனால் இந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

விஏஓவிடம் கேட்டால், ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டைக் காட்டுவார். இ-சேவைத் தளத்திலும் சர்வே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். புறம்போக்கு எண்கள் ஒவ்வொன்றையும் எடுத்துக் குறிப்பு என்ற கடைசிக் கட்டம்வரை போங்கள். அங்கேதான் ‘மேய்க்கால்’, ‘மந்தை’, ‘களம்’, ‘ஓடை’, ‘சுடுகாடு’ என்று இருக்கும். ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றோ ‘அனாதீனம்’ என்றோ இருந்தால் அது வேறு, உங்கள் கோரிக்கை அங்கே பலிக்காது. ‘மேய்க்கால்’ என்று இருக்கும் எண்ணுக்கு எதிரே பரப்பை ஹெக்டேரில் குறித்துக்கொண்டு, அந்த எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தையும் வாங்குங்கள். தென்னை நிற்கும் இடம் அந்த எண்ணுக்குள் வருகிறதா என்று படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சில நேரம் பட்டா நிலத்துக்காரர் தன் எல்லையில்தான் நட்டிருப்பார், ஊர் வேறு மாதிரி பேசிக்கொண்டிருக்கும். அளந்து தெரியும்வரை அவரை ஆக்கிரமிப்பாளர் என்று மனுவில் எழுதாதீர்கள்.

மேய்க்காலில் மேய்க்கத் தனி அனுமதிச் சீட்டு என்று ஒன்று வேண்டியதில்லை, அந்த நிலம் ஊர் மாட்டுக்கென்றே விடப்பட்டது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு அதைக் கிராம ஊராட்சியின் பொறுப்பில் வைத்து, அதன் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தச் சொல்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது அளவீடும் மீட்பும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் எது முதலில் வருகிறதோ அங்கே இந்தத் தீர்மானத்தைக் கொண்டுபோங்கள்:

“நமது கிராமம் சர்வே எண் இத்தனையில் உள்ள மேய்க்கால் புறம்போக்கு இத்தனை ஹெக்டேரையும் அளந்து எல்லைக் கல் நடவும், ஆக்கிரமிப்பு இருப்பின் சட்டப்படி அகற்றி ஊர்க் கால்நடைகளின் மேய்ச்சலுக்கு விடவும், வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் இந்த நிலத்தை வகைமாற்றம் செய்யக் கூடாது எனவும் வட்டாட்சியரைக் கேட்டு இச்சபை தீர்மானிக்கிறது.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஆக்கிரமிப்பால் போகும் மேய்க்காலைப் போலவே, கட்டடத்துக்கும் மனைக்கும் என்று தாளிலேயே பெயர் மாறிப் போகும் மேய்க்காலும் நிறைய. அதை ஊர் பல நேரம் தெரிந்துகொள்வது பொக்லைன் வந்த பிறகுதான்.

தீர்மானத்தின் நகலோடு தாசில்தாருக்கு மனு கொடுங்கள். 1905ஆம் ஆண்டு தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு உண்டு. பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு அதையே வரன்முறை செய்து கொடுக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கடுமையாகக் கண்டித்து, அகற்றத் திட்டம் போடுமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மனுவில் அந்தத் தீர்ப்பின் பெயரைக் குறிப்பிடுங்கள். கிராமக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடக்கும்போது அதே மனுவை இன்னொரு முறை கொடுங்கள். அங்கே கிராமக் கணக்கை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் அதிகாரி உட்கார்ந்திருப்பார், அ-பதிவேட்டைக் கையோடு பார்க்கச் சொல்லலாம்.

தென்னை வைத்திருப்பவர் ஊரில் பெரிய கையாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் எடுக்கவிடாமல் பார்ப்பார். அப்படி நடந்தால் கிடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு நேரடியாகத் தாசில்தாருக்கும் கோட்டாட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் மனு நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். மூன்று மாதத்தில் நடவடிக்கை இல்லை என்றால், மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் போடலாம். அந்தக் கட்டத்தில் கேட்கும் முதல் காகிதமே ஒப்புகை அட்டைதான். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள், தகுதி உள்ளவர்களுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

தகவல் உரிமை மனுவை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். காப்பகத்தின் எல்லை வரைபடம் கைக்கு வந்ததும், உங்கள் பெரியவர்கள் சொல்லும் பட்டி இடங்களை அதில் பென்சிலால் குறித்து எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ‘பி’ படிவத்தை அதைப் பார்த்து நிரப்பலாம்.